அன்று அப்பாவுக்கு எழுதிய கை, இன்று எதிராளிக்கு எழுதலாமா?

வாசகர் கேள்வி:

"வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் வாழ்க்கைப்பட்டது திருமங்கலம். பிறந்தது மேலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் பெரியப்பாவும் தாத்தா காலத்து ஒருபோக நஞ்சையை வாய்ப்பேச்சாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உழுது வந்தார்கள். 2021இல் பெரியப்பா மகன் வாய்க்கால் தடத்தை அடைத்தபோது அப்பா மேலூரில் ஒரு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன். பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பீரோவில் வைத்திருந்த பழைய தாள் ஒன்றையும் காட்டினார். அதில்... 'இதை யாருக்கும் காட்டாதீங்க' என்று அந்த வக்கீலே சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தடத்தைத் திறந்துவிட்டதால் கோர்ட்டுக்குப் போகவில்லை. 2023இல் அப்பா தவறிவிட்டார்.

இப்போது பெரியப்பா மகன் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பிராதில் வக்கீல் என்று கையெழுத்துப் போட்டிருப்பது அந்தப் பழைய வக்கீலின் ஜூனியர். 2021இல் நோட்டீஸை டைப் அடித்துக் கொடுத்ததே அந்தத் தம்பிதான். இன்றும் அதே ஆபீஸ், அதே போர்டு. அந்தத் தாளில் உள்ள விஷயம் மாதிரியே பிராதில் ஒரு வரி இருக்கிறது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற கதையாக இருக்கிறது. இந்த வக்கீல் ஆஜராகக் கூடாது என்று கோர்ட்டில் கேட்க முடியுமா? எங்கள் வக்கீலைக் கேட்டால் 'சக வக்கீல் மேல மனுப் போடுற பழக்கம் இல்லம்மா' என்கிறார். அவரைப் பிடித்துக் கொடுத்தது தம்பி. அம்மா, நான், தங்கை, தம்பி நாலு பேரும் ஒரே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். 'அக்காமாருக்குச் சீர் செஞ்சு முடிச்சாச்சுன்னு பதில்ல எழுதிக்கிடலாம்' என்று தம்பியிடம் அவர் சொன்னாராம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஜூனியர் விஷயத்துக்கு வழி சொல்லுங்கள்."

பதில்:

அம்மா, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்கு வரி எழுதியிருந்தீர்கள். மேலே புள்ளி வைத்திருப்பது அந்த இடத்தில்தான். நானே எடுத்துவிட்டேன். பேரும் ஊரும் போடாவிட்டாலும், உங்கள் பெரியப்பா மகன் படித்தால் இது தன் கதை என்று கண்டுகொள்வார். வக்கீல் ரகசியத்தை வெளியே விட்டுவிட்டாரோ என்று கேட்கிற கடிதத்திலேயே நாம் அந்த ரகசியத்தைத் தமுக்கடித்துவிடக் கூடாது. கேலி செய்யவில்லை. நீங்கள் போட நினைக்கிற மனுவிலும் பலர் வழுக்கி விழுகிற இடம் இதுதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கேட்க முடியுமா என்றால், முடியும். பழக்கம் இல்லை என்று உங்கள் வக்கீல் சொன்னது பழக்கத்தைப் பற்றிய உண்மை. சட்டத்தைப் பற்றியது அல்ல.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் போட்ட விதிகளில், நடத்தை பற்றிய பகுதியில் 33ஆவது விதி இருக்கிறது. ஒரு வழக்கோ மேல்முறையீடோ வேறு விவகாரமோ தொடுப்பது சம்பந்தமாக எப்போதாவது ஒருவருக்கு யோசனை சொன்ன வக்கீல், அல்லது அவருக்கு வழக்குரை எழுதிக் கொடுத்த, அவருக்காகச் செயல்பட்ட வக்கீல், எதிர்த்தரப்புக்காகச் செயல்படவோ ஆஜராகவோ வாதாடவோ கூடாது. சாரம் இவ்வளவுதான். 'எப்போதாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று வருடம் கழிந்தால் தீட்டுக் கழியும் என்றெல்லாம் அதில் இல்லை. ஃபீஸ் வாங்கினாரா, எவ்வளவு வாங்கினார் என்ற கேள்வியும் இல்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்றும் இல்லை. யோசனை சொன்னதே போதும்.

இதற்குத் துணையாக ரகசியம் காக்கும் கடமை. பழைய சாட்சியச் சட்டத்தில் 126ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாட்சிய அதினியத்தில் 132ஆவது பிரிவு. கட்சிக்காரர் சொன்னதை, காட்டிய ஆவணத்தில் படித்ததை, தான் சொன்ன யோசனையை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. வேலை முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும் என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. அப்பா போய்விட்டார் என்பதால் வாய்ப்பூட்டு கழன்றுவிடாது.

உங்கள் விஷயத்தில் விதி நன்றாகவே பொருந்துகிறது. 2021இல் அப்பா வாதாடப் போனது யாரோடு? இதே பெரியப்பா மகனோடு. எதைப் பற்றி? இதே நிலத்தைப் பற்றி. வேறு விவகாரமாக இருந்திருந்தால், உதாரணத்துக்கு அப்பா ஒரு செக் வழக்குக்காக அந்த வக்கீலிடம் போயிருந்தால், இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். ஒரு ஊரில் நாலு நல்ல சிவில் வக்கீல்தான் இருப்பார்கள். ஒரு தடவை ஒருவரிடம் போனோம் என்பதற்காக ஆயுசுக்கும் அவர் நமக்கு எதிராக நிற்கக் கூடாது என்று கேட்டால் கோர்ட் சிரிக்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு, நிறையப் பேர் அதில் ஏமாறுகிறார்கள். பாங்கு லோனுக்காகப் பத்திரத்தைப் பார்த்து அபிப்பிராயம் எழுதிக் கொடுத்த வக்கீலை 'எங்க வக்கீல்' என்பார்கள். செலவு நம் பையிலிருந்து போயிருக்கலாம். ஆனால் அவர் பாங்குக்கு வக்கீல், நமக்கு அல்ல. உங்கள் அப்பா நோட்டீஸ் அனுப்பச் சொல்லிப் போனதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து ஜூனியர். பெரியவர் கையெழுத்துப் போடாமல் சின்னவரை விட்டுப் போட வைத்திருக்கிறார். விதி 'ஒரு வக்கீல்' என்றுதான் பேசுகிறது, ஆபீஸைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அவர்கள் வாதிடுவார்கள். வார்த்தையளவில் அது சரி. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு ஆகாது என்றால் பொதுவாக மொத்த நிறுவனத்துக்கும் ஆகாது என்று விதியே எழுதியிருக்கிறார்கள். அங்கே எதிர்த்தரப்பு வக்கீலை விலக்கக் கேட்பது தனி வித்தையாகவே வளர்ந்து, வழக்கை இழுத்தடிக்கும் ஆயுதமாகவும் ஆகிவிட்டது. நம்முடைய விதியில் அப்படி ஆபீஸைச் சேர்த்துக் கட்டும் வாசகம் இல்லை. ஆனால் அந்தத் தம்பி 2021இல் அதே அறையில் உட்கார்ந்து அதே நோட்டீஸை அடித்தவர். அவரே உங்கள் அப்பாவுக்காக வேலை செய்தவர். சீனியரின் நிழலைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. ரகசியம் காக்கிற பிரிவும் வக்கீலோடு நிற்பதில்லை. அவருடைய குமாஸ்தா, வேலையாள் வரைக்கும் பாய்கிறது.

லண்டனில் 1998 டிசம்பரில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. புருனே சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரி, தன் வழக்குக்கு உதவிய கேபிஎம்ஜி என்ற கணக்காய்வு நிறுவனம் பிறகு தனக்கு எதிரான விசாரணையில் இறங்கியதைத் தடுக்கக் கேட்டார். எங்களுக்குள் சுவர் எழுப்பியிருக்கிறோம், இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்துக் காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றது நிறுவனம். அவசரத்துக்கு எழுப்பிய சுவர் போதாது என்று நீதிபதிகள் தடை கொடுத்தார்கள். பல நூறு பேர் வேலை பார்க்கிற இடத்திலேயே சுவர் எடுபடவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஒரே பீரோவில் எல்லாக் கட்டையும் அடுக்கி, ஒரே குமாஸ்தாவை வைத்திருக்கிற ஆபீஸில் எந்தச் சுவரைக் காட்டுவார்கள்? லண்டன் தீர்ப்பு மேலூர் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு உதவும்.

மனுவுக்கு வருவோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 'எதிர் வக்கீலை விலக்கும் மனு' என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. 151ஆவது பிரிவில் கோர்ட்டுக்கு இருக்கிற உள்ளார்ந்த அதிகாரத்தைக் காட்டி இடைமனு போட வேண்டும். உங்கள் உறுதிமொழி வாக்குமூலம், அவர்களின் எதிருரை, விசாரணை, உத்தரவு. உத்தரவு பாதகமாக வந்தால் ஒத்தக்கடை பக்கம் உயர்நீதிமன்றக் கிளையில் அரசியலமைப்பின் 227ஆவது பிரிவின்படி சிவில் சீராய்வு மனு. அதுவரை போக வேண்டாமே என்றுதான் சொல்வேன்.

முதலில் நிரூபிக்க வேண்டியது அப்பா அந்த மேலூர் ஆபீஸின் கட்சிக்காரர் என்பது. 2021 நோட்டீஸின் ஆபீஸ் நகல் உங்களிடம் இருக்கிறதா? அது போதும், வேறெதுவும் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். லெட்டர்பேடில் வக்கீல் பேர், 'என் கட்சிக்காரர் அறிவுறுத்தியபடி' என்ற வாசகம், அப்பா பேர் எல்லாம் அதில் இருக்கும். ஒப்புகை அட்டை, அப்பா போனில் கிடக்கும் வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவு, எதையும் அழிக்காதீர்கள். அப்பாவின் சிம்மை யாராவது ரத்து செய்துவிட்டார்களா என்று தம்பியைக் கேளுங்கள். நகல் இல்லாவிட்டாலும் பயம் வேண்டாம். நோட்டீஸின் அசல் உங்கள் பெரியப்பா மகன் கையில் இருக்கிறது. அதைத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்கலாம். தனக்கு நோட்டீஸ் விட்ட ஆபீஸிலேயே போய் வழக்குக் கொடுத்திருக்கிறார், அந்தத் துணிச்சலையும் கோர்ட் பார்க்கட்டும்.

நான் முன்னால் சொன்ன வழுக்குப் பாறை இந்த வாக்குமூலத்தில் இருக்கிறது. ஆத்திரத்தில் என்ன எழுதுவோம்? 'அப்பா இன்ன தாளைக் காட்டினார், அதில் இன்னது இருந்தது, அதை இவர் எதிராளியிடம் சொல்லிவிட்டார்.' மனுவின் நகல் எதிராளிக்குப் போகும். அவருக்குத் தெரியாத பாதியையும் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். 'இந்த நிலம் பற்றிய ஆவணங்களையும் தகவல்களையும் நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்தார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன ஆவணம் என்று குறுக்கே கேட்டால், அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இந்த மனுவே என்று பதில் சொல்லலாம்.

அவர் சொல்லிவிட்டார் என்ற குற்றச்சாட்டையும் தவிருங்கள். பிராதில் அந்த வரி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வழியாகப் போயிருக்கலாம். குற்றம் சாட்டினால் நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் மனுவோடு சேர்ந்து உங்கள் பேச்சின் மதிப்பும் இறங்கும். 33ஆவது விதிக்குக் கசிந்ததா என்ற நிரூபணம் தேவையே இல்லை. அந்தப் பக்கம் ஆஜராகக் கூடாது, அவ்வளவுதான் அது கேட்பது.

அந்தத் தாளை என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர்கள். கிழிக்காதீர்கள், எரிக்காதீர்கள், தம்பியிடமும் கொடுக்காதீர்கள். வக்கீலிடம் பேசிய பேச்சுக்கும் அவர் சொன்ன யோசனைக்கும் காப்பு உண்டு. பீரோவில் ஏற்கெனவே இருந்த ஒரு தாள் வக்கீல் கண்ணில் பட்டதாலேயே ரகசியமாகிவிடாது. கோர்ட் தாக்கல் செய்யச் சொன்னால் செய்தே ஆக வேண்டும். சத்தியம் செய்து 'இல்லை' என்று சொன்னால் நிலத்தோடு போகாது.

மனு ஜெயித்தால் என்ன கிடைக்கும்? பெரியப்பா மகன் வேறு வக்கீல் வைத்துக்கொள்வார். பிராது அப்படியே நிற்கும், அதிலுள்ள அந்த வரியும் நிற்கும். இரண்டு மூன்று வாய்தா போகும். தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை என்பதால் கோர்ட் இப்படிப்பட்ட மனுவைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். அதுவும் சாட்சி விசாரணை பாதியில், குறுக்கு விசாரணையில் அடி வாங்கிய மறுநாள் 'இவர் எங்க பழைய வக்கீல்' என்று எழுந்து நின்றால் எந்த நீதிபதிக்கும் எரிச்சல்தான் வரும். தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். நீங்கள் பன்னிரண்டாம் நாளிலேயே எழுதியது நல்லது. ஆனாலும் போடுவது நியாயம் என்றே நினைக்கிறேன். நாளைக்கு உங்களையோ அம்மாவையோ கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும்போது, அப்பா மனசு விட்டுச் சொன்னதெல்லாம் அந்தத் தம்பியின் தலைக்குள் இருக்கும். அவர் நல்லவராகவே இருந்தாலும், தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொண்டு கேள்வி கேட்க மனுசனால் முடியாது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக ஆபீஸ் போட்ட புதிதில் வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். தம்பி பெண்டாட்டியோடு தகராறு. அரை மணி நேரம் கதையைக் கேட்டேன், பத்திரத்தைப் பார்த்தேன், அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். அவர் போன பிறகு குமாஸ்தா அண்ணன் தலையைச் சொறிந்தார். 'சார், அந்தம்மா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நம்மகிட்ட வந்துச்சே, நோட்டீஸ் விட்டோமே.' எனக்கு முகமே நினைவில்லை. மறுநாள் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம். 'அந்தம்மா உங்களுக்கு ஒழுங்கா ஃபீஸ்கூடத் தரலையாமே, அதுக்கென்ன விசுவாசம்?' என்றார். அடுத்த வாரம் அந்த அம்மா வந்தார். அவருக்கும் ஆஜராக முடியாது என்றேன், அரை மணி நேரம் அவர் கொழுந்தனார் மனசில் இருப்பதையெல்லாம் கேட்டுவிட்டேனே. இரண்டு பக்கமும் போச்சு. அன்றிலிருந்து யார் வந்தாலும் கதைக்கு முன் எதிராளி பேரைத்தான் முதலில் கேட்கிறேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதியும் வைக்கிறேன். மேலூரில் அந்த ஆபீஸிலும் இப்படி மறதியில் நடந்திருக்கலாம். அதனால்தான் மனுவுக்கு முன் ஒரு கடிதம் போடச் சொல்லப் போகிறேன்.

அதற்கும் முன்னால், 'அது ஒரு பக்கம் இருக்கட்டும்' என்று நீங்கள் தள்ளி வைத்த விஷயம். அம்மா, அதை ஒரு பக்கம் வைக்க முடியாது. எதிராளியின் வக்கீலைவிட உங்கள் வக்கீலைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நாலு பேரும் ஒரே வக்காலத்து. பெரியப்பா மகனை எதிர்க்கிற வரைக்கும் நாலு பேருக்கும் ஒரே நலன்தான், தவறில்லை. ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியும் பாதி வாதி மாதிரிதான். தன் பங்கைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம், அதற்கு உரிய கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். பெரியப்பா வீட்டுக்கு எவ்வளவு, உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்த பிறகு உங்கள் வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதும் அங்கேயே வரும். அந்த இடத்தில் தம்பி பக்கம் எழுதுவதென்றால் அது உங்களுக்கு எதிராக எழுதுவது. 'அக்காமாருக்குச் சீர் செஞ்சாச்சு' என்று உங்கள் வக்கீல் உங்கள் பேரிலேயே பதிலுரையில் எழுதி, நீங்களும் படிக்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒப்புக்கொண்டதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. பிறகு அதை மாற்றப் படாத பாடு பட வேண்டும்.

சீர் என்பது சொத்துரிமைக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. நகை போட்டது, பாத்திரம் வாங்கியது, வருசாவருசம் பொங்கப்படி கொடுத்தது, எதுவும் உங்கள் பங்கைக் கரைக்காது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் பங்கை எழுதி விட்டுக்கொடுப்பதானால் அந்த ஆவணம் பதிவாக வேண்டும். அப்படி ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று நினைத்துப் பாருங்கள். போடவில்லை என்றால் தம்பிக்கு என்ன பங்கோ அதே பங்குதான் உங்களுக்கும் தங்கைக்கும். பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அப்பா 2005 செப்டம்பர் 9 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்த்துவிட்டார்கள்.

ஆக, உங்கள் வக்கீல் செய்ய வேண்டியது என்ன? நாலு பேரையும் உட்கார வைத்து, 'உங்களுக்குள் பங்குத் தகராறு வருகிற மாதிரி இருக்கிறது, அது வந்தால் நான் எல்லாருக்கும் ஆஜராக முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கில் உள்ள தரப்பினரோடு ஏதாவது தொடர்போ, வழக்கு விஷயத்தில் நலனோ இருந்தால் மறைக்காமல் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பது 14ஆவது விதி. அவரோ தம்பி காதில் மட்டும் பேசியிருக்கிறார். 'சொன்னாராம்' என்பதுதான் உங்களிடம் இருக்கிறது, கேட்டது நீங்கள் இல்லை. தம்பி கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆகவே பழி போடாமல் விலகிக்கொள்ளுங்கள். நீங்கள் எதிராளி மேல் வீச எடுத்த அதே 33ஆவது விதி இங்கேயும் பொருந்தும். உங்களுக்காகவும் வேலை செய்தவர், நாளைக்குத் தம்பிக்காக உங்களை எதிர்க்க முடியாது.

வக்காலத்தை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. நடைமுறைச் சட்டம் மூன்றாவது கட்டளை, நான்காவது விதி. கட்சிக்காரரோ வக்கீலோ எழுத்தில் கையெழுத்துப் போட்டு, கோர்ட் அனுமதியோடு தாக்கல் செய்தால் முடிந்தது. வழக்கமாகப் பழைய வக்கீலிடம் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதி வாங்கிப் புது வக்கீல் வக்காலத்துப் போடுவார். தர மறுத்தால் கோர்ட் அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. 2000ஆவது ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்கட்டும்.

புது வக்கீலை மேலூரில் தேட வேண்டாம். ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள், ஒருவர் மேல் ஒருவர் மனுப் போடக் கூச்சப்படுவார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. மதுரையிலிருந்து ஒருவரை அமர்த்துங்கள். செலவுக்கு யோசித்தால், பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. மதுரை மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆதார் நகலும் சம்மனும் எடுத்துக்கொண்டு போங்கள். தங்கையும் உங்களோடு வந்தால் நல்லது. அம்மாவை இழுக்காதீர்கள், அவர் மகன் வீட்டில் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டுமோ அதை அவரே முடிவு செய்யட்டும்.

நாள் கணக்கு முக்கியம். பதிலுரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், கோர்ட் காரணம் கேட்டுக்கொண்டு 90 நாள் வரை நீட்டலாம். அந்த 90ஐயும் தகுந்த காரணம் இருந்தால் தாண்ட விடுவார்கள், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. வக்கீலை விலக்கும் மனு நிலுவையில் இருக்கிறது என்று பதிலுரையைக் கிடப்பில் போட்டு, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும்.

பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொடுக்கலாம். வழக்கறிஞர் சட்டம் 35ஆவது பிரிவில் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பேரையே நீக்கலாம். ராஜஸ்தான் வக்கீல் ஒருவர் வழக்கில், ஒரு தரப்புக்கு அமர்ந்துகொண்டே மறு தரப்பு வேலையை ஏற்பது தொழில் முறைக்கு ஒத்ததல்ல என்று 1983இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் புகார் சென்னைக்குப் போய், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போய், அது தன் வேகத்தில் நடக்கும். உங்கள் வழக்கில் அவர் ஆஜராவதை அது நிறுத்தாது. 'விலகாவிட்டால் புகார் கொடுப்போம்' என்று மிரட்டலாக மட்டும் பயன்படுத்தாதீர்கள், அந்தக் கடிதம் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும். நுகர்வோர் கோர்ட் கதவு சாத்தியிருக்கிறது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வக்கீல்களான நாங்கள் அதற்கு மகிழ்ந்தோம். கட்சிக்காரர்கள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக அந்தக் கடிதம். வக்கீல் வைத்திருக்கிற எதிர்க்கட்சியோடு ஒரு வக்கீல் நேரடியாகப் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 34ஆவது விதி இருப்பதால், உங்கள் புது வக்கீல் பேரில் போகட்டும். சீனியருக்கும் ஜூனியருக்கும் தனித்தனிப் பிரதி. நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

"என் கட்சிக்காரரின் காலஞ்சென்ற தகப்பனார் 2021இல் இதே நிலம் பற்றி இன்றைய வாதிக்குத் தங்கள் ஆபீஸ் மூலம் நோட்டீஸ் அனுப்பியுள்ளார். நகல் இணைத்துள்ளேன். இது தங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம். 33ஆவது விதியை முன்னிட்டு இந்த வழக்கிலிருந்து தாங்கள் விலகிக்கொள்ள வேண்டுகிறேன். ஏழு நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்."

பழைய தாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் இந்தக் கடிதத்திலேயே விலகிவிடுவார்கள், மீதிப் பேருக்கு எட்டாம் நாள் மனு.